முட்டுச்சந்தில் நான்கு பேய்கள்

1

இந்தக் கதை வேலியோரம் கிடைத்தது. என் கற்பனை என்று பீற்றிக்கொள்ள வழியில்லை. நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை நான் இலை வாரிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு கொரின் ப்ரூபேக்கர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, ஹாலோவீன் அன்று தன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். கடையில் இன்று வரிசை நீளம் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

சுருக்கம் இதுதான். ஒருத்தி தன் பிள்ளைகளுக்குப் பேய் வேடம் போட்டு, வீடு வீடாக மிட்டாய் வாங்கக் கூட்டிப்போனாள். நான்கு பேய்களோடு வீடு திரும்பினாள். அவளுக்குப் பிள்ளைகள் மூன்று.

(பிப்ரவரி வரை நான்கு.)

சொல்லி முடித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். "நீங்க ஏதோ எழுதுறீங்கன்னு எங்க மூத்தவ மார்னி சொன்னா. எழுதிக்கோங்க. உங்க பாஷைய இந்த ஊர்ல எவன் படிக்கப் போறான். ஆனா ஒண்ணு. நான் வெளியில வந்தது வண்டி போகும்போதா, திரும்பும்போதாங்கறத மட்டும் எழுதாதீங்க."

என்ன வண்டி என்பது தன்னால் வரும். இப்போதைக்கு இவ்வளவு போதும்: யாரோ பெற்ற பிள்ளை இவள் சமையலறையில் இருந்தது. பெற்றவள் வெளியே தேடிக்கொண்டிருந்தாள். இவள் எப்போது கதவைத் திறந்தாள் என்பதுதான் கதை. மற்றதெல்லாம் அந்தக் கதவுக்குப் போகும் வழி. நடுவில் நான் தத்துவம் பேச ஆரம்பித்தால் தாண்டிப் போய்விடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

"ஒஹையோவின் அக்டோபர் அந்தியில் மேப்பிள் இலைகள் ரத்தத் துளிகளாய்—"

வேண்டாம். இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷமாக இலை வாருகிறேன். ஒருநாளும் அவை ரத்தமாகத் தெரிந்ததில்லை. முதுகுவலியாகத்தான் தெரிந்திருக்கின்றன.

"இறந்தவர்கள் திரும்பி வரும் இரவு என்று முன்னோர்கள் நம்பிய அந்த நாளில், மரணத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலான மெல்லிய திரை—"

இதை எழுதிய கையை யாராவது பிடித்திருக்க வேண்டும். மெல்லிய திரையாம். செத்த பிள்ளை, வெள்ளைத் துணி, பேய் வேடம் என்று மூன்றும் ஒரே இடத்தில் அகப்பட்டால் என் மாதிரி ஆட்களுக்கு வாயில் எச்சில் ஊறிவிடும். கொரினுக்கு அது படுக்கை விரிப்பு. அவ்வளவுதான். துவைத்தால் சுருங்காத ரகம்.

மூன்றாவது: "நாலரை மணிக்குக் கத்தரிக்கோலைக் காணோம்."

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

நாலரை மணிக்குக் கத்தரிக்கோலைக் காணோம். கொரின் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. நாலு மணிக்கு அங்கிருந்து விடுபட்டு, ஒன்பது வயது மார்னியைப் பள்ளியிலிருந்தும், ஐந்து வயது கஸ்ஸை இன்னொரு வாசலிலிருந்தும், மூன்று வயது ஹாட்டியைக் காப்பகத்திலிருந்தும் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். கணவன் டேலுக்கு டயர் ஆலையில் இரண்டாவது ஷிப்ட். அன்றைக்கு மட்டும் முன்னதாக விடச் சொல்லிக் கேட்டானாம். மேஸ்திரி, எல்லாருக்கும் பிள்ளை இருக்கு என்றானாம். ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதும். ஊதினால் பிள்ளைகள் வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டலாம். எட்டு மணிக்கு மறுபடி ஊதும். ஊதினால் போதும், வீட்டைப் பார்த்து நட. ஊரே இதற்குக் கட்டுப்படும். ஆறு மணிச் சங்குக்குள் மூன்று பேருக்கு வேடம், சோறு, மூத்திரம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

போன வருஷம் நான்கு பேரும் சீட்டுக்கட்டாகப் போனார்கள். ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட். கொரின் மூன்று ராத்திரி உட்கார்ந்து அட்டையில் வரைந்து வண்ணம் அடித்தது. அட்டைகள் பரணில் பத்திரமாக இருந்தன. இஸ்பேட் எவரெட். ஏழு வயது. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று படுத்தான், வெள்ளிக்கிழமை இல்லை.

"நான் இஸ்பேட் போட்டுக்கறேம்மா," என்று காலையில் கஸ் கேட்டிருந்தான். கொரின் அவன் சட்டைப் பொத்தானைத் திரும்பக் கழற்றித் திரும்பப் போட்டாள். அப்போது முடிவு செய்ததுதான் விரிப்பு. பேய்க்கு ஜோடி வேண்டாம், கட்டு வேண்டாம். எத்தனை பேர் இருந்தாலும் பேய் பேய்தான்.

கத்தரிக்கோல் கிடைக்கவில்லை. ரொட்டிக் கத்தியால் கிழித்தாள். மூன்று விரிப்பு, ஆறு ஓட்டை.

"அம்மா, எனக்கு ஒரு கண்ணு காதுல இருக்கு," என்றான் கஸ்.

"அப்ப காதால பாரு," என்றாள் கொரின்.

3

லோர்னா வாண்டர்சாலைக் கதையில் விடுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் எங்கள் தெருக் குழுவின் தலைவி. எங்கள் தெரு பதினோரு வீடு கொண்ட முட்டுச்சந்து. கோடியில் ஓடை. பதினோரு வீட்டுக்கு ஒரு தலைவி, ஒரு செயலாளர், நான்கு துணைக்குழுக்கள். இந்த மாதிரி ஆட்களை எழுதினால் கதை கேலியாகிவிடும் என்று பயம். ஆனால் அவளை நான் வெளியே தள்ளினாலும் அவளாகவே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் அனுப்பியது இது: "நம் தெருவின் உணர்வுகளை முன்னிட்டு இந்த ஆண்டு புல்வெளிகளில் கல்லறைக் கற்கள், சவப்பெட்டிகள், எலும்புக்கூடுகள் வைப்பதைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். பூசணிகள், வைக்கோல் கட்டுகள், புன்னகைக்கும் பேய்கள் வரவேற்கப்படுகின்றன."

யார் உணர்வு என்று போடவில்லை. போடாததால் எல்லாருக்கும் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் பன்னிரண்டு அடி எலும்புக்கூட்டை மடக்கிக் கொட்டகைக்குள் வைத்தார். மடக்கியபோது தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு வாரத்தில் தெரு முழுக்கப் பூசணி மட்டும் இளித்துக்கொண்டு நின்றது.

மின்னஞ்சலைப் படிக்காத ஒரே வீடு ப்ரூபேக்கர் வீடு. பிப்ரவரியில் தெருக் குழு, எந்தக் கிழமை யார் சாப்பாடு கொண்டுபோவது என்று பட்டியல் போட்டது. மூன்று வாரம் நடந்தது. ஒன்பது முறை பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் போனது. பட்டியல் முடிந்தது, துக்கமும் முடிந்ததாகக் குழு எடுத்துக்கொண்டது. அதிலிருந்து கொரின் குழுவின் கடிதம் எதையும் திறப்பதில்லை.

ஆகவே அன்று சாயங்காலம் தெருவிலேயே ஒரே ஒரு கல்லறைக் கல்தான் இருந்தது. அது ப்ரூபேக்கர் வீட்டுப் புல்வெளியில் இருந்தது. தெர்மாகோலில் செய்தது. போன வருஷம் எவரெட் தன் கையால் எழுதியது. எழுத்துகள் கீழே போகப் போகச் சின்னதாகி, கடைசி வரி ஓரத்தில் நசுங்கியிருக்கும்: "இங்கே தூங்குவது பிராக்கோலி. யாரும் அழவில்லை."

ஐந்தே காலுக்கு லோர்னா வந்தாள். அன்றைக்கென்று முழு சூனியக்காரி வேடத்தில் இருந்தாள். கூம்புத் தொப்பி, பச்சைச் சாயம் பூசிய முகம், மூக்கில் மரு. அந்த முகத்தோடு தலையைச் சாய்த்து, கொரினின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்தாள். கல் ஒன்று வெளியில் இருக்கிறது, ஒருவேளை கவனிக்காமல் விட்டிருக்கலாம், பார்க்கிறவர்களுக்குச் சங்கடம்.

"சங்கடம் யாருக்கு? பிராக்கோலிக்கா?" என்றாள் கொரின். ஒரு கையில் ரொட்டிக் கத்தி.

"கண்ணு, உன் நல்லதுக்குத்தான். இப்படி ஒரு வருஷத்துல, இந்த மாதிரி... உனக்கே தெரியும்."

"என்ன மாதிரி வருஷம்? சொல்லுங்க லோர்னா. யாருக்காக எடுக்கணும், பேரச் சொல்லுங்க."

லோர்னா பிடித்திருந்த கையை விட்டாள்.

"எட்டு மாசமாச்சு. இந்தத் தெருவுல ஒருத்தர் அவன் பேரச் சொல்லல. நீங்க ஒரு தடவ சொல்லுங்க. இப்பவே கல்ல எடுத்துடறேன்."

லோர்னா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பிள்ளைகளுக்கு நல்லா மிட்டாய் கிடைக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனாள். கல் இருந்த இடத்திலேயே இருந்தது.*

* சிரிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். பெயரைச் சொல்லாதவர்கள் பட்டியலில் நானும் உண்டு. வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறேன் என்று ஊரில் சொல்லித் திரிகிற ஆள், எட்டு மாதமாக அவளைக் கண்டால் கார் சாவியைத் தேடுகிற பாவனையில் குனிந்துகொண்டிருந்தேன்.

4

இந்தப் பகுதியில்தான் வாசகர் என்னை நம்பாமல் போவார். சொந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒரு தாய்க்குத் தப்புமா?

கொரின் எப்போதும் தலையைத் தொட்டுத்தான் எண்ணுவாள். தெருமுனையில், கடை வாசலில், காரில் ஏற்றும்போது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சரி, போலாம். ஆறு வருஷமாக... இல்லை, ஹாட்டி பிறந்து மூன்று வருஷம்தான், அதற்கு முன் எண்ணிக்கை மூன்று. பார்த்தீர்களா, எனக்கே கணக்கு தப்புகிறது. மூன்று வருஷமாக அந்தக் கைக்கு நாலு பழக்கம். பிப்ரவரிக்குப் பிறகு கை மூன்றாவது தலையில் வந்து நிற்கும். அடுத்த தலையைத் தேடிக் காற்றில் கொஞ்சம் தூக்கும். அப்புறம் இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தை மார்னி தரையைப் பார்த்துக்கொண்டு கழிப்பாள். கஸ் அதற்குள் ஓடிப்போயிருப்பான்.

சங்கு ஊதியது. தலையணை உறைகளைப் பையாக எடுத்துக்கொண்டு மூன்று பேய்களும் அவளும் கிளம்பினார்கள். ஹாட்டி பத்தடிக்கு ஒருமுறை விரிப்பை மிதித்து விழுந்தாள். கஸ் ஒரு கண்ணாலும் ஒரு காதாலும் பார்த்துக்கொண்டு குப்பைத் தொட்டிகள் மேல் மோதினான். கொரின் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஹாட்டி கழற்றி எறிந்த கையுறை. தேவாலய மூலையில் கூட்டம். இளவரசிகள், டைனோசர்கள், ஒரு குளிர்சாதனப் பெட்டி. முப்பது நாற்பது பிள்ளைகள் சாலையைக் கடக்க நின்றார்கள். இருட்டிவிட்டிருந்தது. கொரின் தலைகளைத் தொட்டாள்.

ஒண்ணு, ரெண்டு, மூணு. கை தூக்கியது. இறங்கிய இடத்தில் துணி போர்த்திய ஒரு தலை இருந்தது.

"நாலு. சரி, போலாம்."

போனார்கள்.

எனக்கும் நம்பிக்கை வரவில்லை. வேலியோரம் கேட்டேன், உங்களுக்கு உறைக்கவே இல்லையா என்று. "கை எண்ணுச்சு. நான் எண்ணல," என்றாள். பிறகு, "அன்னிக்குப் பூரா கால் வலிக்கவே இல்ல," என்றாள். இதற்கு மேல் ஒரு வரி நான் எழுதினாலும் அது விளக்கமாகிவிடும்.

நான்காவது பேய் ஆன்சல் என்ற ஆறு வயதுப் பையன். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் அடுக்கு வீடுகளுக்கு அந்த மாதம்தான் குடிவந்த குடும்பம். அவன் அம்மா ரூத்தனுக்கும் நான்கு பிள்ளைகள். தள்ளுவண்டிச் சக்கரத்தில் சிக்கிய துணியை எடுக்க ரூத்தன் குனிந்தாள். நிமிர்ந்தபோது ஆன்சலின் வெள்ளைத் துணியைக் காணோம். ஆன்சல் தன் வீட்டில் ஒரே பேய். அண்ணன் கொள்ளைக்காரன், தங்கை தேனீ. எதிரில் மூன்று பேய்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தான். பேய் பேயோடு போனது. இதில் அவன் தப்பு என்ன இருக்கிறது?

மார்னிக்கு அதற்கப்புறம் மூன்றாவது வீட்டிலேயே தெரிந்துவிட்டது. விரிப்புக்குக் கீழே பச்சை ரப்பர் பூட்ஸ். அவர்கள் வீட்டில் யாருக்கும் பச்சை பூட்ஸ் இல்லை. ஒன்பது வயதுப் பெண் இதை உடனே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

[இங்கே மார்னியின் மனதுக்குள் போய் ஒரு பத்தி எழுதினேன். அழகாகத்தான் வந்தது. ஒன்பது வயதுக்கு அவ்வளவு அழகு ஆகாது என்று எடுத்துவிட்டேன். அன்று ராத்திரி அவளே அம்மாவிடம் சொன்னதை மட்டும் வைக்கிறேன்.]

"நீ நாலுன்னு சொன்னியா. ரொம்ப நாளாச்சு. அதான்."

ஏழே முக்காலுக்கு எங்கள் தெருவுக்குத் திரும்பினார்கள். பதினோரு வீட்டில் பத்து வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. அணைந்திருந்தது என்னுடையது. விளக்கு அணைந்தால் அந்த வாசலுக்கு யாரும் வரக் கூடாது என்பது ஊர் வழக்கம். மிட்டாய் வாங்கி வைத்திருந்தேன், இரண்டு பை. அவள் வாசலுக்கு வந்து நின்றால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். தெருவிளக்கின் கீழ் நான்கு பேய்கள் போயின. கடைசிப் பேய்க்குப் பச்சை பூட்ஸ். எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது.

அப்புறம்தான் தோன்றியது, சரியாக இல்லை என்று.

5

எட்டு மணிச் சங்கு ஊதியபோது சமையலறையில் மக்ரோனிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னேற்பாடாகச் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது திட்டம். திட்டம் எந்த வருஷமும் நடந்ததில்லை.

கொரின் ஹாட்டியின் விரிப்பை உருவினாள். உள்ளே ஹாட்டி, தூக்கத்தில் பாதி, கன்னம் முழுக்க சாக்லேட். கஸ்ஸின் விரிப்பை உருவினாள். மார்னி தானே எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தாள். நான்காவது விரிப்பு மேசை ஓரம் நின்றது. கொரினின் கை அதன் ஓரத்தைப் பிடித்தது.

இங்கிருந்து முடிவுகள்.

முடிவு அ. கொரின் துணியை எடுத்தாள், அந்நியப் பையனைப் பார்த்து அலறினாள், உடனே தொலைபேசியை எடுத்தாள். இரண்டு தாய்மார்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். லோர்னா இதைத் தெருச் செய்திமடலில் போடுவாள். அவளுக்கே விட்டுவிடுகிறேன்.

முடிவு ஆ. துணியை எடுத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. காற்று. தரையில் ஈரமான சின்னக் கால் தடம் ஒன்று—

இதை எழுதி அரை மணி நேரம் திருப்தியாகக் காப்பி குடித்தேன். அந்த அரை மணி நேரத்துக்காக வெட்கப்படுகிறேன். பத்திரிகைக்காரர்கள் பறித்துக்கொண்டு போவார்கள். ஆனால் பச்சை பூட்ஸுக்குள் நிஜமான கால் இருந்தது. அந்தக் காலைப் பெற்ற நிஜமான ஒருத்தி அந்த நேரம் தீயணைப்பு நிலையத்தில், இடுப்பில் கைக்குழந்தையோடு, பையன் எவ்வளவு உயரம் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தாள். காற்றைத் தேடி யாரும் அப்படிக் காட்ட மாட்டார்கள்.

நடந்தது இது. கொரின் துணியின் ஓரத்தைப் பிடித்தாள். பிடித்த கையை விட்டாள். அலமாரியிலிருந்து நான்கு கிண்ணம் எடுத்தாள்.

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று சந்தேகிக்கிறவர்களுக்கு: இல்லை. அந்த ஓரத்தைத் தொட்டபோதே அவளுக்குத் தெரியும். உயரம் ஒரு விரற்கடை குறைவு. நிற்கிற விதம் வேறு. தன் வீட்டில் எத்தனை விரிப்பு கிழித்தோம் என்பதும் தெரியும். தெரிந்துதான் நான்கு கிண்ணம் எடுத்தாள்.

"இது யாரு?" என்றான் கஸ்.

"சாப்பிடு," என்றாள் மார்னி.

பேய் உட்கார்ந்தது. துணிக்குள்ளிருந்து ஒரு கை வந்து கரண்டியை எடுத்தது. துணியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, உள்ளுக்குள்ளேயே சாப்பிட்டது. கொரின் அடுப்புப் பக்கம் சாய்ந்து நின்று அதைப் பார்த்தாள். நான்கு கரண்டியும் கிண்ணத்தில் உரசுகிற சத்தம். பிப்ரவரிக்குப் பிறகு அந்தச் சமையலறையில் கேட்காத சத்தம். மூன்று கரண்டிக்கும் நான்கு கரண்டிக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் ஒரு பிள்ளையும் வளர்க்காதவர்கள்.

அப்போது வண்டி வந்தது.

தீயணைப்பு வண்டி. தெருமுனையில் திரும்பி, நடக்கிற வேகத்தில் உருண்டு வந்தது. சிவப்பு விளக்கு எங்கள் வீட்டுச் சுவர்களின் மேல் சுற்றியது. ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல், தூங்கிக்கொண்டிருப்பவர்களை எழுப்பக் கூடாது என்பதுபோல நிதானமாக: "ஆறு வயசுப் பையன். பேரு ஆன்சல். வெள்ளைத் துணி, பச்சை பூட்ஸ். பார்த்தவங்க வெளியில வந்து சொல்லுங்க."

ப்ரூபேக்கர் வீட்டைத் தாண்டியது. என் வீட்டைத் தாண்டியது. கோடிக்குப் போனது. முட்டுச்சந்து என்பதால் திரும்பித்தான் ஆக வேண்டும். ஆனால் உடனே திரும்பவில்லை. அங்கே ஓடை இருக்கிறது. வண்டியிலிருந்து ஆட்கள் டார்ச்சோடு இறங்கி ஓடைச் சரிவில் போனார்கள். வண்டிக்குள்ளிருந்து ஒருத்தி இறங்கி மேட்டில் நின்றாள். டார்ச் வெளிச்சங்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினோரு நிமிஷம். அடுப்பின் கடிகாரத்தை வைத்துச் சொல்கிறேன். என் அடுப்பின் கடிகாரம்.

பிறகு வண்டி திரும்பி வந்தது. இந்த முறை ஒலிபெருக்கியில் பெண் குரல். எப்படி அந்த மைக்கைப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூச்சுதான் முதலில் கேட்டது. "ஆன்சல். அம்மா இங்க இருக்கேன்டா. ஒளிஞ்சது போதும். நான் தோத்துட்டேன், வா."

6

இந்தத் துண்டை எங்கே வைப்பது என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. வண்டி போனபோது நடந்ததா, ஓடையில் நின்றபோதா, திரும்பியபோதா? தனியாக வைக்கிறேன். நீங்கள் எடுத்து, வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரின் பேயின் முன்னால் மண்டியிட்டாள்.

"ஆன்சல்ங்கறது நீயா?"

துணி தலையாட்டியது.

"இவ்வளவு நேரம் ஏன்டா ஒண்ணும் சொல்லல?"

"தெரியாதவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

அவள் துணியை எடுத்தாள். செம்பட்டை முடி, முகம் நிறையப் பழுப்புப் புள்ளிகள், முன்பல் இரண்டும் இல்லை. எவரெட்டின் சாயல் துளியும் கிடையாது. இருந்திருந்தால் இது இன்னும் மோசமான கதையாகியிருக்கும், எனக்கு இன்னும் சுலபமாகவும் இருந்திருக்கும்.

கிண்ணத்தில் நாலைந்து கரண்டி மிச்சம் இருந்தது. மார்னி அம்மாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இன்னும் ஒரு நிமிஷம்மா," என்றாள். "அவன் சாப்பிட்டு முடிக்கட்டும்."

7

வண்டி திரும்பி வந்தபோது ப்ரூபேக்கர் வீட்டு முன் நின்றது. அதில் ரகசியம் இல்லை, தெருவே பார்த்தது. பிராக்கோலியின் கல்லறைக்குப் பக்கத்தில் கொரின் ஆன்சலின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே அவள் பதினோரு நிமிஷமாக நின்றுகொண்டிருந்தாளா, அல்லது அந்தப் பெண் குரலைக் கேட்ட பிறகுதான் கதவு திறந்ததா என்பதைத்தான் எழுதக் கூடாது. எழுதவில்லை.

ரூத்தன் வண்டி நிற்பதற்குள் குதித்தாள். பையனைத் தூக்கவில்லை. முதலில் தலையைத் தொட்டாள், பிறகு தோளை, பிறகு இரண்டு கைகளை. அவன் வாயோரம் மக்ரோனியின் மஞ்சள் சீஸ் ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால் துடைத்தாள். துடைத்த விரலை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கொரினைப் பார்த்தாள்.

"சாப்பாடு போட்டீங்களா," என்றாள்.

"ஆமா," என்றாள் கொரின்.

"தேங்க்ஸ்."

அந்த ஒரு சொல்லை எந்தக் குரலில் சொன்னாள் என்று எழுத நான்கு விதமாக முயன்றேன். நான்கும் பொய்யாக இருந்தது. தேங்க்ஸ் என்றாள். வண்டி போய்விட்டது.

இனி என் கணக்கு. நிபந்தனை போட்ட அன்று வேலியோரம் கொரின் கடைசியாக ஒன்று சொன்னாள், நான் அதை முதல் பகுதியில் சொல்லாமல் வைத்திருந்தேன். கைத்தொழில் புத்தி.

"உங்க வீட்ல வெளக்கு இல்ல," என்றாள். "ஆனா ஜன்னல்ல ஆள் இருந்துச்சு. நான் எப்ப வந்தேங்கறத நீங்க சொல்லாதீங்க. நீங்க வரவே இல்லைங்கறத நானும் சொல்லல."

பையன் எங்கே இருக்கிறான் என்று வண்டி முதல் தடவை என் வீட்டைத் தாண்டியபோதே எனக்குத் தெரியும். அந்தப் பதினோரு நிமிஷமும் ஜன்னலில்தான் நின்றேன். கோடியில் அந்தப் பெண் மேட்டில் நின்று தண்ணீரைப் பார்த்ததும் தெரிந்தது. நாற்பதடி நடந்து போய் ஒரு கதவைத் தட்டினால் போதும். தட்டினால் கொரின் திறப்பாள். எட்டு மாதத்தில் அவளிடம் நான் பேசும் முதல் வார்த்தையாக, அவள் வாசலில் நின்று, "இதுல உங்க பிள்ளைங்க மூணு பேருதான்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாமல் இன்னொருத்தியை ஓடைக்கரையில் நிற்கவிட்டேன்.

இந்த ஒப்பந்தத்தில் அவள் தன் பாதியைக் காப்பாற்றுகிறாள். என் பாதியை நானே உடைத்துவிட்டேன். அவளுடையதை உடைக்கவில்லை. வண்டி போகும்போதே அவள் வெளியே வந்தாள் என்றால் அவள் என்னைவிட நல்லவள். திரும்பும்போது என்றால், பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு பேர், ஒரே மாதிரி நின்றிருந்தோம். எது என்று எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் பார்க்கவில்லை. அதனால் உங்களுக்குத்தான் இது சுலபம். கதவு வரை கொண்டுவந்து விடுகிறேன், தாழ்ப்பாளில் கை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நான்கு கிண்ணம். ஒரு கிண்ணத்தில் நாலைந்து கரண்டி மிச்சம். இன்னும் ஒரு நிமிஷம்மா என்கிறாள் மூத்தவள். வெளியே சிவப்பு வெளிச்சம் உங்கள் வீட்டைத் தாண்டிக் கோடிக்குப் போகிறது. ஓடைச் சரிவில் டார்ச்சுகள் இறங்குகின்றன.

போகும்போதா, திரும்பும்போதா?

பதிலை உரக்கச் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டில் விளக்கு அணைந்திருக்கிறது. ஆள் இருக்கிறது.